கரியமில வாயுவைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்

கரியமில வாயு என்றதும் இன்று பலருக்கும் புகைபோக்கியும் புவி சூடாவதும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கவலை நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கோவையில் தொழிற்சாலைகளுக்கு கேஸ் சிலிண்டர் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பார்க்கிற எனக்கு, அந்த வாயு என்றால் முதலில் ஆட்கள்தான் கண்முன் வருவார்கள். இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிக்காரர், வெல்டிங் பட்டறைக்காரர், சோடா போடுகிறவர், தீயணைப்பான் நிரப்பிக் கொடுக்கிறவர், ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பாளர். எல்லோரும் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "சிஓடூ வந்திருச்சுங்களா?"

"காத்துலயே கிடக்கிற சாமானுக்கு எதுக்குப்பா காசு?" என்று என் மாமா கேட்டார். நல்ல கேள்வி. காற்றில் கிடப்பது உண்மைதான், ஆனால் பத்தாயிரத்தில் நாலு பங்குதான் கிடக்கிறது. அவ்வளவு நீர்த்துப்போன ஒன்றைப் பிரித்தெடுக்க ஆகும் மின்சாரச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் எங்கே அது ஏற்கெனவே அடர்த்தியாக வெளியே வருகிறதோ அங்கே போய்ப் பிடிக்கிறார்கள். உர ஆலைகளில் அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் வேண்டும், அதை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும்போது மிஞ்சுகிற கார்பன் முழுக்கக் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. டிஸ்டில்லரிகளில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயம் ஆக்கும்போது 46 கிலோ சாராயத்துக்கு 44 கிலோ கரியமில வாயு வருகிறது, அதாவது கிட்டத்தட்ட எடைக்கு எடை. இப்படி வருவதைக் கழுவி, கந்தக வாடை போக்கி, ஈரத்தை எடுத்து, அழுத்திக் குளிர்வித்துத் திரவமாக்கி டேங்கரில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்துதான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு சிலிண்டராக வருகிறது.

இந்த வாயுவுக்காக மட்டுமே ஓடுகிற ஆலை உலகத்தில் மிகக் குறைவு. வேறு எதையோ செய்யும்போது கூடவே வருவதைத்தான் நாம் வாங்குகிறோம். இதைப் புரிந்துகொண்டால்தான் உலகத்தில் இத்தனை கரியமில வாயு மிதந்துகொண்டிருக்கும்போதே அதற்குத் தட்டுப்பாடு வருவதும் புரியும்.

2021 செப்டம்பரில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். இயற்கை எரிவாயு விலை எகிறியதால் பில்லிங்ஹாம், இன்ஸ் என்ற இரண்டு ஊர்களில் இருந்த உர ஆலைகளை அவற்றின் அமெரிக்க முதலாளி நிறுவனம் நிறுத்தியது. உரம் செய்தால் நஷ்டம், அதனால் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்டுக்கு வேண்டிய கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் அந்த இரண்டு ஆலைகளிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. இறைச்சிக்கூடங்களில் பன்றியையும் கோழியையும் மயக்கமடையச் செய்ய இந்த வாயு வேண்டும், பாக்கெட்டில் அடைத்த இறைச்சி கெடாமலிருக்க வேண்டும், பீருக்கும் கூல்டிரிங்குக்கும் வேண்டும், குளிரூட்டி அனுப்புகிற சாப்பாட்டுக்கு உலர்பனி, அதாவது உறைய வைத்த கரியமில வாயு, வேண்டும். சில நாட்களிலேயே கடைகளில் இறைச்சி இருக்குமா என்று செய்தி வர ஆரம்பித்தது, கடைசியில் அரசாங்கமே பணம் கொடுத்து ஒரு ஆலையை மறுபடி ஓட்ட வைத்தது. இதற்கு முன்பு 2018 கோடையிலும், உலகக் கோப்பை கால்பந்து நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஐரோப்பாவில் இதே தட்டுப்பாடு வந்தது. 2020-இல் அமெரிக்காவில் ஊரடங்கால் பெட்ரோல் விற்பனை படுத்தது, பெட்ரோலில் கலக்கிற எத்தனால் செய்யும் ஆலைகள் மூடின, பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வாயு கிடைக்கவில்லை. பெட்ரோல் பங்க்குக்கும் பீருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறதென்று அதற்கு முன்னால் யார் யோசித்தார்கள்?

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். கோவை என்றால் பம்பு, மோட்டார். பம்பு என்றால் வார்ப்பு. ஒரு பம்பின் உடம்பைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே தண்ணீர் சுழன்று போக வளைவான ஒரு வெற்றிடம் இருக்கும். உருக்கிய இரும்பை ஊற்றும்போது அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்க, அதே வடிவத்தில் மணலால் ஒரு துண்டு செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அதுதான் கோர். வெறும் மணல் நிற்காது. அதனால் மணலோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சோடியம் சிலிக்கேட் கரைசலைக் கலந்து, பெட்டியில் இடித்து நிரப்பி, ஒரு குழாயைச் செருகிக் கரியமில வாயுவைச் சில வினாடிகள் விடுவார்கள். அவ்வளவுதான், தொட்டால் உதிர்கிற ஈர மணல் கல் மாதிரி இறுகிவிடும். அடுப்பு வேண்டாம், காய வைக்க வேண்டாம். வாயு சிலிக்கேட்டோடு சேர்ந்து சிலிக்கா பசையையும் சோடியம் கார்பனேட்டையும் உண்டாக்குகிறது, அந்தப் பசைதான் மணலைக் கட்டிப் பிடிக்கிறது.

இந்த வேலையில் கைப்பழக்கம்தான் எல்லாம். வாயு குறைந்தால் நடுவில் ஈரமாகவே நிற்கும். அதிகமானால் அதுவும் கெடுதல். "கேஸ் ஜாஸ்தி விட்டா கோர் பொரிஞ்சு போயிருமுங்க, ரெண்டு நாள் வெச்சா தூளாக் கொட்டும்" என்று எங்களிடம் சிலிண்டர் எடுக்கும் ஒரு பவுண்டரி அண்ணன் சொல்வார். சிலிக்கேட்டின் தரம், மணலின் ஈரம், அன்றைக்கு வெயிலா மழையா, எல்லாம் சேர்ந்துதான் எத்தனை வினாடி என்பதை முடிவு செய்கின்றன. இதற்கு ஒரு குறையும் உண்டு. இரும்பு ஆறிய பிறகு இந்த கோர் எளிதில் உடைந்து வெளியே வராது, சுத்தியலால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும், அந்த மணலை மறுபடி பயன்படுத்துவதும் சிரமம். அதற்காகவே கலவையில் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸைக் கொஞ்சம் சேர்ப்பார்கள், சூட்டில் அது எரிந்து போவதால் கட்டு தளரும். பெரிய ஆலைகள் மணலை ரெசின் என்கிற பிசினால் ஒட்டும் முறைகளுக்குப் போய்விட்டாலும், சின்ன பவுண்டரிகளுக்கு இது மலிவானது, நெடி அடிக்காதது, கற்றுக்கொள்ள எளிதானது. எங்கள் விற்பனையில் இவர்களை நான் ரொம்ப மதிக்கிறேன். நம் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குள் இந்த வாயுவின் வேலை இருக்கிறது, வெளியே தெரியாது.

அடுத்த பெரிய கூட்டம் வெல்டிங்காரர்கள். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள், கேட், கிரில், டிரெய்லர் செய்கிறவர்கள் எல்லோரும் "சிஓடூ வெல்டிங்" என்றுதான் சொல்வார்கள். கம்பி தானாக ஓடிக்கொண்டே வரும், அதைச் சுற்றி இந்த வாயு பீச்சியடித்துக் காற்றை விலக்கும். காற்றிலிருக்கிற ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய இரும்பில் கலந்தால் வெல்டிங் பற்று ஓட்டை ஓட்டையாகிவிடும், அதற்குத்தான் இந்தத் திரை. ஆனால் ஆர்க் என்கிற மின்பொறியின் சூட்டில் கரியமில வாயுவே கொஞ்சம் உடைந்து ஆக்சிஜனை விடும். அதைச் சமாளிக்கத்தான் அந்தச் செம்பு பூசிய கம்பிக்குள் மாங்கனீசும் சிலிக்கானும் சேர்த்திருக்கிறார்கள். ஆர்கான் கலந்தால் பற்று இன்னும் வழவழப்பாக வரும், தெறிப்பு குறையும், ஆனால் விலை கூடும்.

இவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வருகிற புகார் இரண்டு. ஒன்று, ரெகுலேட்டர் உறைகிறது. அது பழுது இல்லை. உள்ளே திரவமாக இருப்பது வாயுவாகி விரியும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் பனி பிடிக்கும். தொடர்ந்து வேலை செய்கிறவர்கள் ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் வாங்கிவிடுங்கள், சுடுதண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். இரண்டாவது, "மீட்டர்ல ஃபுல்லா காட்டுச்சு, திடீர்னு தீந்து போச்சு." இதையும் நிறையப் பேர் சிலிண்டரில் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டரில் தீரத் தீர அழுத்தம் இறங்கும். கரியமில வாயு அப்படியில்லை. உள்ளே திரவம் இருக்கிறவரை அதன்மேல் இருக்கிற அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது மட்டுமே. பார் என்கிற அழுத்த அளவில் சொன்னால், 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். முக்கால் சிலிண்டர் இருந்தாலும் கால் சிலிண்டர் இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் சடசடவென்று இறங்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய ஒரே வழி தராசில் வைப்பது. காலி எடை சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும், கழித்துப் பாருங்கள். 31 டிகிரிக்கு மேல் போனால் திரவம், வாயு என்ற பிரிவே உள்ளே இருக்காது, அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும், அதனால் சித்திரை வெயிலில் சிலிண்டரை வெளியே நிறுத்தாதீர்கள்.

இதே காரணத்தால்தான் கரியமில வாயுத் தீயணைப்பான்களில் மீட்டர் இருக்காது. உங்கள் ஆபீஸ் சர்வர் அறையில், மின்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதைப் பாருங்கள், பவுடர் தீயணைப்பானில் பச்சை சிவப்பு முள் இருக்கும், இதில் இருக்காது. வருடா வருடம் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், 10 சதவீதம் குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். சும்மா ஸ்டிக்கரில் தேதியை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்களை விடாதீர்கள், உங்கள் கண்முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள். பயன்படுத்தும்போது கொம்பு மாதிரி இருக்கிற அந்த வாயைக் கையால் பிடிக்கக் கூடாது, தோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மின்சாரத் தீக்கு இது நல்லது, மின்சாரம் கடத்தாது, அணைத்த பிறகு துடைக்க ஒன்றும் மிஞ்சாது. வைக்கோல் போர், பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே கனிகிற தீக்கு உதவாது, வாயு கலைந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

சோடா எல்லோருக்கும் தெரிந்தது, நீட்ட வேண்டாம். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி ஒரு பீர் ஆலையின் நொதித் தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்து முதலில் இதைச் செய்து பார்த்தார். 1783-இல் ஜெனிவாவில் ஜேக்கப் ஷ்வெப்பே வியாபாரமாக்கினார். நம் கோலி சோடா பாட்டில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவம், உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்தி மூடி வைக்கிறது. சோடா போடுகிறவர்கள் தண்ணீரைக் குளிர வைப்பதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. பூஜ்யம் டிகிரித் தண்ணீர் ஏற்றுக்கொள்ளும் வாயுவில் பாதிதான் 20 டிகிரித் தண்ணீர் ஏற்கும். இவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: வெல்டிங் சிலிண்டரை வாங்கி சோடா போடாதீர்கள். உணவுத் தரச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், சிலிண்டர் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வருவது உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரிக் கதை பலருக்குத் தெரியாது. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே வாயு நிரப்பி உப்ப வைத்துத்தான் கேமராவை விடுவார்கள். அந்த வாயு இதுதான். ரத்தக்கசிவை நிறுத்தச் சூடு வைக்கும் கருவி உள்ளே இருப்பதால் எரியாத வாயு வேண்டும், ரத்தத்தில் புகுந்தாலும் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியாக வெளியேற வேண்டும், இரண்டுக்கும் இது பொருந்துகிறது. அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் வயிறைவிடத் தோள்தான் வலிக்கிறது என்றாள், வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். மிச்சமிருந்த வாயு உதரவிதானத்துக்கு அடியில் நின்று நரம்பை உறுத்துவதால் வருகிற வலி அது, ஓரிரு நாளில் போய்விடும் என்று டாக்டர் சொன்னார், அப்படியே போயிற்று. நம் சிலிண்டரா அது என்று அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை.

காபிக்கொட்டையிலிருந்து கஃபீனை மட்டும் எடுப்பதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 31 டிகிரிக்கும் சுமார் 74 பாருக்கும் மேலே கரியமில வாயு திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் ஒரு நிலைக்குப் போகும், வாயு மாதிரி கொட்டைக்குள் நுழையும், திரவம் மாதிரி கஃபீனைக் கரைத்துக்கொண்டு வரும். 1960களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகர ஆய்வகத்தில் குர்ட் சோசல் கண்டுபிடித்த முறை. மிளகு, இஞ்சிச் சாறு எடுக்கவும் அதே முறைதான், அழுத்தத்தை விட்டால் வாயு ஓடிவிடும், சாறு மட்டும் நிற்கும்.

இப்போது உலர்பனி. இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மைனஸ் 78.5 டிகிரி. உருகித் தண்ணீராகாது, நேராக வாயுவாகும். மருந்து அனுப்ப, ஐஸ்கிரீம் அனுப்ப, கொரோனா காலத்தில் மைனஸ் 70-இல் வைக்க வேண்டியிருந்த தடுப்பூசியை அனுப்ப எல்லாம் இது இல்லாமல் முடியாது. ஆனால் இப்போது கல்யாண வரவேற்பில் மணமக்கள் மேகத்தில் நடந்து வருகிற மாதிரி புகை விடுவதற்கும் வாங்குகிறார்கள். வெந்நீரில் போட்டால் கிளம்புகிற அந்த வெள்ளைப் புகை உண்மையில் குளிர்ந்த நீராவித் துளிகள்தான், கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழும். மேடைக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுகிற குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். மூச்சுக் காற்றில் இது நூற்றுக்கு 4, 5 பங்கு ஆனாலே தலைவலியும் மூச்சிரைப்பும் வரும், 10 பங்கு ஆனால் சில நிமிடங்களில் நினைவு போய்விடும். ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். அதைக் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் புகைக்காக நீச்சல் குளத்தில் உலர்பனியைக் கொட்டி மூன்று பேர் செத்தார்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் வாய்ப் புத்துணர்வுக்கு என்று கொடுத்ததைத் தின்று ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள், அது உலர்பனி. எங்களிடம் வருகிற பையன்களிடம் ஜன்னல் திறந்த மண்டபமா, யார் கையாளப் போகிறார்கள் என்று கேட்காமல் நான் பில் போடுவதில்லை.

சிலிண்டருக்கும் இதே கதைதான். முப்பது கிலோ சிலிண்டர் முழுக்கக் கசிந்தால் சுமார் 16,000 லிட்டர். பத்துக்குப் பத்து அறையின் மொத்தக் கொள்ளளவே 28,000 லிட்டர்தான். ஜன்னல் இல்லாத அறையில், நிலத்தடி அறையில் வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இந்தச் சில்லறை வியாபாரம் எவ்வளவு சின்னது என்பதையும் சொல்ல வேண்டும். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் கரியமில வாயு பயன்படுகிறது என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. அதில் 13 கோடி டன் யூரியாவுக்குப் போகிறது, 7, 8 கோடி டன் பழைய எண்ணெய்க் கிணறுகளில் மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுக்கப் போகிறது. சோடா, வெல்டிங், வார்ப்பு, ஆஸ்பத்திரி, உலர்பனி எல்லாம் சேர்ந்துதான் மீதி. நம் ஊரில் விற்கிற 45 கிலோ யூரியா மூட்டையைச் செய்ய 33 கிலோ கரியமில வாயு வேண்டும். வயலில் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியதும் யூரியா உடைந்து அந்த 33 கிலோவும் வெளியே வந்துவிடும், பயிருக்கு நைட்ரஜன் மட்டும் நிற்கும். சோடாவில் அடைத்தது ஏப்பத்தில் வரும். வெல்டிங்கில் பீச்சியது அன்றைக்கே காற்றில். இந்தத் தொழிலில் பெரும்பாலும் நாங்கள் செய்வது வாயுவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதுதான்.

தூத்துக்குடியில் இருக்கிற ஒரு ரசாயன ஆலை 2016, 17 வாக்கில் உலகச் செய்தி ஆனது. நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்து சோடா சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட், செய்தார்கள். ஐஐடி கரக்பூரில் படித்த இரண்டு பேர் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பம், ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம் என்றார்கள், அதுவும் அரசு மானியம் இல்லாமல். ஆலையின் தலைவர் தனக்குத் தடையில்லாமல் வாயு வேண்டியிருந்தது, பூமியைக் காப்பாற்ற நினைத்துச் செய்யவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. வேண்டிய சரக்குக்காக ஒருவர் புகைக்கூண்டைத் தேடிப் போனால் அது நிலைக்கும். ஆனால் அந்த சோடா சாம்பல் கண்ணாடி ஆலைக்குப் போனால் உலையில் வாயு மறுபடி வெளியே வரும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எரிசக்தியிலிருந்து மட்டும் உலகம் ஆண்டுக்கு 3,700 கோடி டன் வெளியேற்றுகிறது. அதற்கு முன்னால் 23 கோடி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் "கரியமில வாயுவைப் பயன்படுத்தியே பிரச்சினையைத் தீர்ப்போம்" என்று யாராவது சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எங்கிருந்து எடுத்தது, எத்தனை நாள் தங்கும்? டிஸ்டில்லரியிலிருந்து எடுத்தது என்றால் அந்தக் கரும்பு போன வருடம் காற்றிலிருந்து இழுத்தது, திரும்பப் போனாலும் புதுச் சுமை இல்லை. தரைக்கடியிலிருந்து வந்த எரிவாயுவில் எடுத்தது என்றால் அப்படிச் சொல்ல முடியாது. தங்குவதற்கு இப்போதைக்கு நம்பக்கூடிய வழி அதைக் கல்லாக்குவது. ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்டி மின்நிலையத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தியதில், பெரும்பகுதி இரண்டே வருடத்துக்குள் கல்லாகிவிட்டது என்று 2016-இல் காட்டினார்கள். கான்கிரீட் கலவையிலேயே கொஞ்சம் வாயுவை விட்டு சுண்ணாம்புக் கல்லாக மாற்றுவதும் கனடாவில் தொடங்கி வணிக அளவில் நடக்கிறது.

கோவை, திருப்பூர் பக்கம் ஹாலோ பிளாக், பேவர் பிளாக் போடுகிற யாராவது இப்படி வாயு விட்டுப் பதப்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பிளாக்குக்கு எவ்வளவு பிடிக்கிறது, பலம் எப்படி வருகிறது, மூடிய அறைக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். டிஸ்டில்லரி வாயு எங்களிடம் வருகிறது, முயன்று பார்க்க நினைக்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டுத் தர நான் தயார்.